கோய் பாய்

மாலை வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விலாங்குக் கஞ்சி குடிக்கப் போவார்கள். கல்லூரி வாசலைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் எங்கள் வகுப்புத் துவானின் அம்மா போட்டிருக்கும் கடை. தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள், மிளகு நெடி, ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் முழங்கால்கள். நான் விடுதிக்குச் சைக்கிளில் போக வேண்டிய வழியும் அதுதான். கடை வந்ததும் வேகமாக மிதிப்பேன். அவர்களைப் பார்க்கவில்லை என்று அவர்கள் நினைக்க வேண்டும்.

வியட்நாமின் வின் நகரத்துக்குப் படிக்க வந்து இது இரண்டாவது ஆண்டு. பகலில் வியட்நாமிய மொழி வகுப்பு, மாலையில் கணக்கியல். கணக்கியல் வகுப்பில் லாவோஸ்காரி நான் ஒருத்திதான்.

முதல் வாரம் கூப்பிட்டார்கள். வகுப்புத் தலைவி கூயென் பையை மாட்டிக்கொண்டே, "கஞ்சி குடிக்க வர்றீங்களா?" என்று கேட்டாள். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பகலில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். வருகிறேன் என்றேன். புத்தகங்களை அடுக்கி, பேனா மூடியைத் தேடி, பையை மூடி நிமிர்ந்தபோது அறையில் யாரும் இல்லை. வெளியே வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. மறுநாளும் அப்படியே நடந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒப்புக்குத்தான் கூப்பிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒப்புக்குக் கூப்பிடும்படி நான் என்ன செய்தேன் என்று நாட்குறிப்பில் காரணம் தேடினேன். மெதுவாகக் கிளம்புகிறேன் என்று எழுதினேன். வகுப்பு முடியும் முன்பே பையைக் கட்டி வைக்கத் தொடங்கினேன். குரல் சன்னம் என்று எழுதினேன். உரக்கப் பேசிப் பழகினேன். பாடப்புத்தகம் போலப் பேசுகிறேன் என்று தோன்றியபோது, விடுதிச் சமையல்காரியிடம் இந்த ஊரின் முரட்டுப் பேச்சைக் கற்றுக்கொண்டேன். ஒன்றும் மாறவில்லை. அவர்களுக்குள் வாடி, போடா. என்னிடம் மட்டும் வாங்க, உட்காருங்க. அந்த மரியாதை ஒரு வேலி மாதிரி இருந்தது.

மேற்கு மலையைத் தாண்டி வரும் வெக்கைக் காற்றுக்கு இந்த ஊரில் லாவோஸ் காற்று என்று பெயர். அது அடிக்கும் நாட்களில் மட்டும் துவான் என் பக்கம் திரும்புவான். "உங்க ஊர்க் காத்து வந்து எங்களை வறுக்குதுங்க. வீட்டுக்கு போன் போட்டுக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

கல்லூரி ஆண்டு விழா வந்தது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும். எங்கள் வகுப்புக்கு விலாங்கு என்பதில் வாதமே இல்லை. கூயென் வேலைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள்.

"நீங்க உங்க நாட்டு நடனம் ஆடுறீங்க. ஆபீஸ்ல பேர் கொடுத்துட்டேன்."

"எனக்கு ஆடத் தெரியாது, அக்கா."

"லாவோஸ்ல எல்லாருக்கும் ஆடத் தெரியுமே."

"எனக்குத் தெரியாது. நான் கடையில நிக்கறேன்."

"விருந்தாளியைப் போய் அடுப்புகிட்ட நிக்க வைக்கிறதா? நல்லா இருக்காது." அதோடு பேச்சை முடித்து மற்றவர்களிடம் திரும்பினாள். "சரி, நாளைக்கு விடிகாலையில என்கூட சந்தைக்கு யார் வர்றா?"

விடிகாலை என்றால் இந்த வகுப்பில் எல்லாருக்கும் காது செவிடு. வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற அவசரத்தில் கையைத் தூக்கினேன். "கோய் பாய். கோய் பாய்."

"வேணாம்னா விடுங்க," என்றாள் கூயென். "உங்களை நான் கேட்கவே இல்லையே."

"வேணாம்னு யார் சொன்னது?"

"நீங்கதான்," என்றான் துவான். "எப்பவுமே அதைத்தானே சொல்றீங்க. கஞ்சிக்குக் கூப்பிட்டப்பவும் அதான். கோய் பாய். அவசியமில்லை."

அவசரத்தில் என் வாயில் வருவது என் தாய்மொழிதான். அதில் கோய் என்றால் நான். பாய் என்றால் போகிறேன். நானும் போகிறேன். இவர்கள் மொழியில் ஏறக்குறைய அதே ஓசைக்கு அவசியமில்லை என்று பொருள். பாடத்தில் படித்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

விளக்கிச் சொன்னேன். துவான் மேசையைத் தட்டிச் சிரித்தான். "அப்ப நாங்க கூப்பிட்டதுக்கு இவங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்கடா. நாம திமிரு பிடிச்சவங்கன்னு நினைச்சுட்டுப் போயிட்டோம்."

கூயென் சிரிக்கவில்லை. "மொழி வகுப்புல என்னதான் சொல்லித் தர்றாங்க? இனிமே அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. எங்க மொழியில ஒழுங்காச் சொல்லிப் பழகுங்க."

மன்னிச்சிடுங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வழக்கமாக வந்துவிடும். அன்று அதை விழுங்கினேன்.

"மாட்டேன்," என்றேன். "உங்க மொழியைப் படிச்சேன். அது போதாதுன்னு உங்க ஊர்ப் பேச்சையும் படிச்சேன். நீங்க என் மொழியில ரெண்டே ரெண்டு வார்த்தை படிங்க. அவசரத்துல எனக்குக் கோய் பாய்னுதான் வரும். வந்தா நான் வர்றேன்னு அர்த்தம்."

"அதெப்படி, எங்க ஊர்ல வந்து..."

"காத்தடிச்சா என்கிட்ட வந்து கேட்கிறீங்க. கஞ்சிக்கு இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?"

துவான் தலையைக் குனிந்துகொண்டான். கூயெனின் முகம் சிவந்தது. "நீ ரொம்பத்தான் முரண்டு பிடிக்கிறே," என்றாள்.

நீ. முதல்முறை. கோபத்தில் வந்ததுதான், ஆனால் வந்துவிட்டது.

"நீயும்தான் பிடிக்கிறே," என்றேன்.

மூத்தவளை அக்கா என்று சொல்லாமல் அப்படிப் பேச இந்த ஊரில் யாரும் துணிய மாட்டார்கள். "செத்தோம்," என்று துவான் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. நான் பார்வையை இறக்கவில்லை.

கூயென் என்னை நிதானமாகப் பார்த்தாள். "நடனத்துக்குப் பேர் கொடுத்தாச்சே. அதுக்கு என்ன பண்றது?"

"என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுது."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கூயென் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "விடியறதுக்கு முன்னாடி விடுதி வாசல்ல நிக்கணும். நீ தூங்கிட்டேன்னா விட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்கடி."

நான் தூங்கவே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

சந்தையில் விலாங்குகள் தொட்டிகளில் ஒன்றின் மேல் ஒன்று நெளிந்தன. கூயென் தடித்த, கறுத்த விலாங்குகள் இருந்த தொட்டியின் முன் உட்கார்ந்தாள். நான் பக்கத்துத் தொட்டியைக் காட்டினேன். வயிறு மஞ்சளாக, விரல் பருமனில் இருந்தவை.

"இதை எடு. அது வளர்ப்பு. கொழகொழன்னு இருக்கும்."

"கடைக்கார அம்மா பையன் துவானே நேத்து ஒண்ணும் சொல்லல. உனக்கு என்னடி தெரியும்?"

"எங்க ஊர்லயும் வயல் இருக்கு. சேறும் இருக்கு."

"இந்தப் பொடிசையெல்லாம் யார் உக்காந்து முள்ளு எடுக்கிறது?"

"நான் எடுக்கறேன்."

"கை நாறும்."

"நாறட்டும்."

விற்கிறவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டையை வீட்ல போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? எதைத்தான் நிறுக்கறது?"

கூயென் தன் தொட்டியைக் காட்டினாள். நான் என் தொட்டியைக் காட்டினேன். இருவரும் கையை இறக்கவில்லை. கடைசியில் விற்கிறவளே அலுத்துப்போய் இரண்டிலும் பாதிப் பாதி அள்ளி, இரண்டு பைகளில் கட்டினாள். கூயென் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். இரண்டாவது பை தரையில் துள்ளியது. அதை எனக்காக அவள் எடுக்கவில்லை. கனமாக இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

"தனித்தனிச் சட்டியில வைப்போம்," என்றாள் திரும்பாமல். "எது முதல்ல காலியாகுதுன்னு பாத்துடலாம்டி."

"பாத்துடலாம்," என்று பையைத் தூக்கினேன். சட்டை நனைந்தது.