சிஸ்டர்

கட்டிய மனைவியை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறவன் இந்த ஆஸ்பத்திரியிலேயே அவன் ஒருத்தன்தான்.

அவள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அவன் ஆம்புலன்ஸில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து முதலுதவி செய்பவன். சண்டை எதில் தொடங்கியது என்பது இருவருக்குமே மறந்து போயிற்று; யார் முதலில் பேசுவது என்பது மட்டும்தான் பாக்கி. சில மாதமாக அவன் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறான். நோயாளியை ஒப்படைக்கும்போது, “சிஸ்டர், பைக் ஆக்சிடென்ட், வலது தொடை முறிவு, ரத்தம் நிறைய போயிருக்கு” என்பான். போகும்போது சொல்லிக்கொள்வதில்லை.

சைரன் கேட்டால் அவள் மனம் வாசலுக்கு ஓடிவிடும். யாருக்கோ உயிர் ஊசலாடுகிற நேரம் அது. அதற்காகக் காத்திருப்பது பாவம் என்று தெரியும். தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

“வருது பாரு, உங்க அண்ணன் வண்டி,” என்றாள் வார்டு ஆயா.

“வாயை மூடுக்கா.”

“அவரு உன்னை சிஸ்டர்னா, உனக்கு அவரு அண்ணன்தானே? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?”

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு தையல்காரர். அளவெடுக்கும் நாடா இன்னும் கழுத்தில் கிடந்தது. மாரடைப்பு. வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. அவர் நெஞ்சை அழுத்தியபடியே அவன் கூட ஓடி வந்தான். பின்னால் தையல்காரரின் மனைவி, ஒற்றைச் செருப்போடு.

ஆயா திரையை இழுத்தாள். டாக்டர் மூச்சுக்கு வழி செய்தார். அவள் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றாள், கை மாற்றிக்கொள்ள. ஒருவர் களைத்தால் அடுத்தவர் அழுத்த வேண்டும், இடைவெளி விழக்கூடாது. அதனால் கைகள் உரசும். இத்தனை மாதத்தில் அவனை அவள் தொட்டதெல்லாம் இப்படி யாரோ ஒருவரின் நெஞ்சின்மேல்தான்.

அவன் நெற்றி வியர்வை சொட்டியது. எண்ணும் குரல் கம்மியது.

“இருபத்தொம்பது, முப்பது… மாத்துடி!”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கை எடுத்த இடத்தில் அவள் கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள். அந்த ‘டி’யை நினைக்க இப்போது நேரமில்லை. நினைத்தாள். எண்ணிக்கை தப்பவில்லை.

ஷாக் கொடுத்தார்கள். மறுபடி அழுத்தினார்கள். மானிட்டரில் கோடு எழும்பியது. டாக்டர் தையல்காரரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, “வந்துருச்சு” என்றார்.

அவள் கை கழுவிவிட்டு வெளியே வந்து, அவர் கழுத்திலிருந்து கழற்றிய நாடாவைத் தையல்காரரின் மனைவியிடம் கொடுத்தாள். “உயிரோட இருக்காரும்மா. இன்னும் கண்டம் தாண்டல. அடைப்பை எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்க.”

அந்த அம்மாள் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவள், நடையில் ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தவனைக் காட்டிக் கேட்டாள்:

“உள்ள உங்களை டி போட்டு அதட்டுனாரே, யாரும்மா அவரு? கூடப் பொறந்தவரா?”

அவன் கை நின்றது.

“இல்லம்மா. எங்க வீட்டுக்காரர்.”

தேவைக்கு மேல் சத்தமாகவே வந்தது.

அவன் திரும்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார், அடுத்த அழைப்பு. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனவன் வாசலில் நின்றான்.

“வர்றேன்,” என்றான்.

கிளம்புகிற எல்லோரும் சொல்கிற சொல்தான். வீட்டுக்கா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் சைரன் கிளம்பிவிட்டது. தெருமுனை தாண்டித் தேய்ந்தது. தேய்ந்த பிறகும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.