பதினொன்று நாற்பதுக்கு நிலா

பல்லரோச் சந்தையில் வாங்கிவந்த மீனை யாக்கோபு தொட்டியில் போட்டார். பூசைக்குப் போட்டுப்போன சட்டையை இன்னும் மாற்றவில்லை.

"நாளையோடை வேலை முடியுது, பிள்ளை."

தர்சனா கணினியிலிருந்து தலை நிமிர்ந்தாள். லிபெர்த்தா வீதியில் ஒரு முதியவரைப் பராமரிப்பது அப்பாவின் வேலை. அவரை இத்தாலிய மொழியில் 'சிஞ்ஞோரே', ஐயா, என்பாரே தவிர, வீட்டில் பெயர்கூடச் சொல்லமாட்டார்.

"என்னப்பா நடந்தது?"

"சிஞ்ஞோரேயை முதியோர் இல்லத்திலை விடப்போறானாம் மகன். எல்லாம் ஒரு கடிதத்தாலை. போன மாதம் மனுசன் தொலைநோக்கியிலை நிலாவைப் பாத்தவர். இருட்டுப் பக்கத்திலை ஒரு வெளிச்சம், கண் வெட்டுற நேரம்தான். ஏதோ சங்கத்துக்கு எழுதிப் போட்டார். அவங்கள் அந்த நேரம் பலெர்மோ வானத்திலை நிலாவே இல்லை, இது கற்பனை எண்டு எழுதியிருக்கிறாங்கள். அப்பாவுக்கு மூளை குழம்பிட்டுது எண்டு மகன் கத்துறான். நீயும் சேந்து கூத்தாடினியோ எண்டு எனக்கும் ஏச்சு."

தர்சனாவின் கை அப்படியே நின்றது. வானத்தில் நிலாவே இல்லை என்ற அந்த வாக்கியம் அவள் எழுதியது.

பௌதிகம் படித்து முடித்தபின், நிலாவில் வெளிச்சம் கண்டதாக வானியல் சங்கத்துக்கு வரும் அறிக்கைகளை அவள்தான் சரிபார்த்தாள். பெரும்பாலும் கமராவில் தூசி, இல்லையென்றால் குறுக்கே போன செய்மதி. எப்போதாவதுதான் உண்மையாகவே ஒரு கல் நிலாவில் மோதியிருக்கும். பக்கச்சார்பு வரக்கூடாதென்று பெயரை நீக்கி இலக்கத்தோடுதான் அனுப்புவார்கள். முப்பத்தோராம் அறிக்கையில் நேரம் 23.40. அன்று நிலா ஒன்பதரைக்கே மறைந்துவிட்டது. பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம்கூட இருந்தது.

"நேரம் பாத்தது ஆர்?"

"நான்தான். நேரம், நேரம் எண்டு மனுசன் கத்தினார். தொலைநோக்கியிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை. பதினொண்டு நாப்பது எண்டன். அப்பிடியே எழுதினார்."

"அப்பா, நீங்கள் எட்டு மணிக்கே அங்கையிருந்து வெளிக்கிட்டிடுவியளே!"

இருவரும் ஒரே நேரத்தில் யாக்கோபுவின் இடது கை மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி. அவர் கையில் ஐந்தரை.

இருபத்திரண்டு வருடமாக அந்த மணிக்கூடு இலங்கையில் அவருடைய ஊரான மன்னாரின் நேரத்தில்தான் ஓடுகிறது. போனில் இத்தாலி நேரம் இருக்குத்தானே என்பார். வேலை நேரத்தில் போன் குசினியில் இருக்கவேண்டும் என்பது சிஞ்ஞோரே வீட்டுச் சட்டம். அன்று அவசரத்தில் கையைப் பார்த்து அப்படியே சொல்லியிருக்கிறார்.

நான்கரை மணித்தியால வித்தியாசம். அப்படியென்றால் இரவு ஏழு பத்து. நிலா இருந்திருக்கிறது.

ஏழு பத்து. அந்த இலக்கத்தை அவள் எங்கோ கண்டிருக்கிறாள். பழைய கோப்புகளைத் திறந்தாள். கலியாரி நகரிலிருந்து ஓர் ஆசிரியர் அனுப்பிய நிலாக் காணொளி. அதே நாள், 19.10. இரண்டாவது சாட்சி இல்லையென்று அதையும் அவளே ஒதுக்கி வைத்திருந்தாள்.

அறிக்கையோடு வந்த முதியவரின் நடுங்கும் கோட்டுப் படத்தைக் காணொளியின் மேல் வைத்தாள். வெளிச்சத்தைக் காட்ட அவர் போட்ட பென்சில் சிலுவை, காணொளியில் மின்னிய வெள்ளைப் புள்ளியின் மேலேயே விழுந்தது.

"ஐயோ, அப்பா. மனுசன் கண்டது உண்மை. அந்தக் கடிதம் நான் எழுதினது."

யாக்கோபு கதிரையில் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ திருத்தி எழுதினால் ஆர் நம்புவான்? வேலைக்காரன்ரை மகள் எண்டுவான்."

அது சரி. தர்சனா போனை எடுத்தாள். சங்கத் தலைவி கத்தரீனாவுக்கு அவள் மின்னஞ்சல்தான் எழுதுவாள். குரல் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று மணி இரண்டு தரம் அடிக்கமுன்பே பேசத் தொடங்கிவிட்டாள்.

"முப்பத்தொன்றில் நான் பிழை விட்டேன். நேரம் பார்த்துச் சொன்னவர் என் அப்பா. நான் திருத்தக்கூடாது. கலியாரிக் காணொளியும் அதே வெளிச்சம்தான். தயவுசெய்து இரண்டையும் இன்றைக்கே நீங்கள் பாருங்கள். நாளைக்கு அந்த மனுசனைக் கொண்டுபோய்விடுவார்கள்."

"இரண்டு சாட்சியா?" கத்தரீனாவின் குரலே மாறியிருந்தது. "உடனே அனுப்பு. சரியாக இருந்தால் அந்த வீட்டுக்கு நானே போகிறேன். நேரம் ஏன் பிழைத்தது என்று கேட்பார்கள். எதைக் காட்டுவது?"

யாக்கோபு மணிக்கூட்டைக் கழற்றி, முள்ளை இத்தாலி நேரத்துக்குத் திருப்பப் பார்த்தார்.

"தொடாதேங்கோ அப்பா!" தர்சனா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "அப்பிடியே வையுங்கோ."