முப்பத்தொரு தீக்குச்சி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்தாளராக இருந்த 2002இல், இளவட்டங்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திருவிழாவன்று ஒரு கிளாஸ் கசிப்புச் சாராயத்துக்கு ஒரு தீக்குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்படி நான்கு பேரிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த நால்வரில் ஒருவனான தவராசாவின் தங்கை சிவசக்தி அவன் சட்டையோடு ஓடிவந்தாள்.

"ஐயா, அண்ணன் எழும்ப மாட்டேங்குது!"

பையில் முப்பத்தொரு குச்சி. யானையே செத்துப்போகும்! தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். என் நெஞ்சு அடித்தது பதுளை டவுனுக்கே கேட்டிருக்கும். உலுக்கு உலுக்கென்று உலுக்கிய பிறகுதான் தவராசா கண்ணைத் திறந்தான்.

"நான் ஒரு சொட்டும் குடிக்கலங்க. ஊத்திக் குடுக்கிறவன் குடிக்கக் கூடாதுல்ல? மத்தவனுங்க போதையில குச்சியக் கீழ போட்டானுங்க, நான்தான் பொறுக்கி வச்சேன். மூணு பேரையும் தூக்கிட்டு வந்த அசதிங்க."

அப்படியானால் முப்பத்தொன்றும் அந்த மூவரின் வயிற்றில்!

அவர்கள் குடியிருந்த பக்கத்துக் காம்பரா அறைகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். முதலிரண்டில் முனகல் கேட்டது. மூன்றாவதில் சத்தமே இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே ஒருவன் ஓவென்று வாந்தியெடுத்தான். அதைவிட இனிமையான நாதஸ்வரத்தை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.