றெஜி பாஸ் மிச்சம் வைத்த சோறு

1

இந்தக் கதை ஒரு கெட்ட பழக்கத்தில் பிறந்தது. எனக்கு அடுத்தவர் சோற்றுப் பீங்கானைப் பார்க்கிற பழக்கம் உண்டு. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் போதும், என் சோற்றை விட்டுவிட்டு அடுத்த மேசையில் யார் என்ன தின்கிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று கண் அலையத் தொடங்கிவிடும். இதற்காக என் மனைவி தெய்வமணி மேசைக்கடியில் என் காலை மிதிப்பாள். அன்று அவள் என்னோடு வரவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து, ஆவணி மாதம். செங்கலடிக்கு பஸ் பிந்திவிட்டதால் ஏறாவூரில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். அடுத்த மேசையில், போர்த்துக்கேயர் வழிவந்த எங்கள் மாவட்டத்துப் பறங்கியரில் ஒரு கணவனும் மனைவியும். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். போட்டிருந்த சட்டைக்குள் இன்னொருவர் தாராளமாகப் புகுந்துகொள்ளலாம். பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளைகள். தேக்கரண்டியால் சோறு சாப்பிட்டார். ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைப்பார். மெல்லுவார், இன்னும் மெல்லுவார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாலாவது கரண்டியோடு நிறுத்திவிட்டார். பீங்கானில் சோறு மலையாய்க் கிடந்தது. அந்தப் பெண், பீங்கானின்மேல் விரித்திருந்த லஞ்ச் சீற் பொலித்தீன் தாளின் ஓரங்களைப் பிடித்து, அவசர அவசரமாக அந்த மிச்சத்தை மூடினாள்.

(பிணத்தின் முகத்தை மூடுவது போல மூடினாள் என்று முதலில் எழுதினேன். வெட்டிவிட்டேன். இந்த மாவட்டத்தில் அப்படி எழுத யாருக்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.)

நான் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கங்கள்.

"றெஜி பாஸின் வயிற்றில் இப்போது ஒரு கோழிமுட்டைக்குத்தான் இடமிருந்தது." இது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற துண்டுப்பிரசுரம். கதையல்ல.

"மட்டக்களப்பு வாவியில் மாலை வெயில் சாய்ந்து—" வேண்டாம். வாவியில் வெயில் சாயாத கதை எங்கள் ஊரில் இன்னும் எழுதப்படவில்லை.

"கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் கேட்டதும் றெஜி பாஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார்." இதை வைத்துக்கொள்கிறேன். இதில் ஒரு மனிதன் இருக்கிறான்.

றெஜி என்பது நான் வைத்த பெயர். ஆள் தச்சுவேலைக்காரர், கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள், ஆகவே ஊரில் றெஜி பாஸ். மனைவி பிறிசில்லா. வீடு நாவற்குடாவில். சித்திரை மாதம் கொழும்பில் அவருடைய வயிற்றை வெட்டிச் சின்னதாக்கித் தைத்துவிட்டார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் ஒரு தமையன் இல்லாத பறங்கி வீடு மட்டக்களப்பில் குறைவு. அதை அதோடு விடுவோம்.

நூற்றி முப்பத்தெட்டுக் கிலோ இருந்தவர் நூறுக்கு இறங்கிவிட்டார். இரத்தத்தில் ஏறியிருந்த சீனி வருத்தம் அடங்கியது. மடக்க முடியாதிருந்த முழங்கால் மடங்கியது. டொக்டருக்குச் சந்தோஷம். ஆனால் வயிற்றைத்தான் வெட்டினார்கள், ஆசையை வெட்டவில்லை. கொத்துத் தகடு தட்டுகிற சத்தம், இறைச்சி ஆணத்தில் ஏலம் கொதிக்கிற வாசம், எல்லாம் முன்போலவே வந்து அவரைக் கூப்பிட்டன. போனால் நாலு கரண்டி. ஐந்தாவதை விழுங்கினால் நெஞ்சுக்குள் ஒரு கல் இறங்கி நின்றுவிடும்.

3

அப்படியானவர் ஏன் கடைக்குப் போகிறார்? வீட்டில் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுக்கலாமே?

வீட்டில் அடுப்பு இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டாயிரத்து ஆறில் அந்த வீட்டைக் கொடுக்கும்போது அடுப்பும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதில் பிறிசில்லா தேத்தண்ணீருக்குச் சுடுதண்ணீர் வைப்பாள். அதற்குமேல் எதையும் அதில் ஏற்றியதில்லை. நாலு வருடமாக இருவரும் கடையிலேதான் சாப்பிடுகிறார்கள். ஒரே கடைக்குத் தொடர்ந்து போனால் கேள்வி வரும் என்று கடை மாற்றி மாற்றிப் போவார்கள். பக்கத்துக் கல்லடியில் எல்லாரும் தெரிந்தவர்கள், அங்கே கடையில் இருந்து சாப்பிட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, டவுண் தாண்டி, ஏறாவூர் வரை போவார்கள்.

சண்டைக் காலத்தில் இதற்காக வழியில் மூன்று இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டினார்கள். ஆறு மணிக்குக் கடைகளின் ஷட்டர் விழுந்துவிடும். இப்போது சண்டை முடிந்துவிட்டது. பத்து மணி வரை வெளிச்சம். நாட்டில் கடையெல்லாம் திறக்கிற நேரம் பார்த்து றெஜி பாஸின் வயிறு கதவைச் சாத்திக்கொண்டது.

4

முதல் பிரதியில் நான் அவரைப் பெருந்தீனிக்காரராக எழுதியிருந்தேன். ஒரு இருப்பில் பத்துப் பராட்டா, இரண்டு புரியாணி என்று. சிரிப்பாகத்தான் வந்திருந்தது. தெய்வமணி வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"கொழுத்த ஆள் எண்டா கதையில வயித்துப் பேயாத்தான் இரிக்கணுமா?"

"பின்ன எப்பிடி அந்த உடம்பு வந்திச்சி?"

"எனக்கென்ன தெரியும். நீங்கதானே எழுதுற. ஆருக்காகத் திண்டாரெண்டு யோசிச்சிப் பாருங்க."

ஆருக்காக. மூன்று நாள் இந்தச் சொல் என்னை இருக்க விடவில்லை. பிறகு இப்படி எழுதினேன்:

பிறிசில்லாவுக்கு மிச்சச் சோற்றைக் காண முடியாது. ஒரு பீங்கானில் பாதி தின்ற சோறு கிடந்தால் அவள் கண் அதிலேயே நிற்கும். பேச்சு நின்றுவிடும். அன்று இரவு முழுக்கத் தூங்கமாட்டாள். அவளோ பாதிக்குமேல் தின்னமாட்டாள். ஆகவே றெஜி பாஸ் தன்னுடையதை வழித்துத் தின்றார். பிறகு அவளுடையதை இழுத்து அதையும் வழித்துத் தின்றார். பசித்தாலும் தின்றார், பசிக்காவிட்டாலும் தின்றார். நாலு வருடம் அவளுடைய தூக்கத்துக்குக் காவல் இருந்ததில் அவருக்கு வந்த உடம்பு அது.

கண்டவர்கள் வாய்க்கு ருசியாகத் தின்று கொழுத்தவர் என்றார்கள். அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஓம், நம்மட வாய் சும்மா இராது" என்று சிரித்துவிடுவார்.

அவருக்கென்று ஒரு ஏக்கம் இருந்தது. அது இறைச்சிக்கும் அல்ல, புரியாணிக்கும் அல்ல. எங்கள் பக்கத்தில் சோறு போட்ட கை சும்மா இருக்காது, "சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று வாயும் கூடவே வரும். பிறிசில்லாவும் ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது அவள் "சாப்பிடுங்க" என்று சொல்வதில்லை. ஐந்தரை வருடமாக ஒருதரமும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் ஏங்கிப்போய்க் கிடந்தார்.

5

இனிக் காரணம் சொல்ல வேண்டும்.

கடலை இந்தக் கதைக்குள் விடக்கூடாது என்று இரண்டு மாதம் பிடிவாதமாக இருந்தேன். கடல் வந்தால் கதை தானாக அழுதுவிடும், எழுதுகிறவனுக்கு வேலை இல்லை. அவளுக்கு வேறு ஏதாவது நோய் கொடுத்துப் பார்த்தேன். நேர்த்தி வைத்திருக்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கடற்கரை டச்பாரில் இருந்து நிவாரண வீட்டுக்கு வந்த பறங்கிக் குடும்பத்துக்குக் கடல் இல்லாமல் கதை எழுதுவதுதான் பொய்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பர், நத்தாருக்கு அடுத்த நாள் காலை. முதல்நாள் விருந்துக்கு வந்தவர்கள் உட்கார இரவல் எடுத்த வாங்குகளைத் திருப்பிக் கொடுக்க றெஜி பாஸ் டவுணுக்குப் போயிருந்தார். வீட்டில் பிறிசில்லாவும் எட்டு வயது மகள் (            )உம். பெயரை எழுதி எழுதி வெட்டியதில் தாள் கிழிந்துவிட்டது, வெறுமையாகவே விடுகிறேன். பிள்ளை சாப்பாட்டில் மந்தம். ஒரு வாயை அரை மணித்தியாலம் கன்னக் கொடுப்பில் வைத்திருக்கும். வெளியே மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். பிறிசில்லா எல்லாத் தாய்மாரும் சொல்கிறதைத்தான் சொன்னாள்.

"முடிச்சிட்டுத்தான் எழும்பணும்."

வெளியே நின்ற பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு பாலத்துப் பக்கம் ஓடினார்கள், தப்பினார்கள். பிறிசில்லா ஒரு தென்னையில் தொங்கினாள், தப்பினாள். பிள்ளை—

இதற்குமேல் எழுத மாட்டேன்.*

* தெய்வமணி இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, "இது அநியாயம், ஒரு தாய்க்கு இப்பிடிச் செய்யாதீங்க" என்றாள். அன்று மத்தியானம் எங்கள் மகன் சோற்றை வைத்துவிட்டு எழும்பியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை.

6

இனி ஏறாவூர். கடைக்காரர் மீராசாஹிப் காக்கா; இந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. றெஜி பாஸின் வீட்டுக்கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை பாஸ் என்றால் ஒரு பருக்கை மிச்சம் வைக்காத மனிதர், வந்து இருந்தாலே கடைக்குப் பரக்கத், வியாபாரம் பெருகும். அப்படிப்பட்டவர் சில மாதம் வராமல் இருந்துவிட்டு, இப்போது நாலு ஞாயிறாக நாலு கரண்டியோடு எழும்பிப் போகிறார். காக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. காசு மேசையை விட்டு எழும்பி வந்தார்.

"பாஸ், நானும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். ஆணத்துல ஏதும் கொறையா? உப்புக் கூடிட்டா?"

"ஐயோ இல்ல காக்கா. வயிறு நிறஞ்சிட்டு, காணும்."

"காணுமா? இது பூனைக்கும் காணாது! உடம்பும் வத்திப் போச்சி. தங்கச்சி, நீங்களாவது சாப்பிடச் சொல்லுங்களன்."

பக்கத்து மேசைகள் திரும்பின. பிறிசில்லா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவள் கண் சோற்றில் நின்றது. றெஜி பாஸ் அந்தக் கண்ணைப் பார்த்தார். இந்தக் கண்ணுக்காகத்தானே இவ்வளவு காலமும் தின்றது? இத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது?

கரண்டியை எடுத்தார். ஐந்து. ஆறு. கரண்டியை வைத்துவிட்டுக் கையால் பிசைந்து உருட்டினார்.

"ஆ, அப்பிடித்தான்!" என்றார் காக்கா, முகமெல்லாம் பல்லாக.

ஏழாவது வாய் நெஞ்சில் நின்றது. நெற்றி வியர்த்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. சிரித்துக்கொண்டே எட்டாவதை உருட்டினார். இதுவும் இறங்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கை

7

கை நிற்கிறது. எனக்கு மேலே போகத் தெரியவில்லை.

ஒரு முடிவு: எல்லாவற்றையும் தின்று முடிக்கிறார், தைத்த இடம் விட்டுவிடுகிறது, ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி. தெய்வமணி தாளை மூடிவிட்டாள். "கடல் விட்டுவச்சவரையும் நீங்க கொண்டுபோகப் போறீங்களா?"

இன்னொரு முடிவு: பிறிசில்லா உடைந்து அழுது, நடந்த கதையைக் காக்காவிடம் சொல்கிறாள், கடையே சேர்ந்து அழுகிறது. போட்டிக்கு அனுப்பினால் பரிசு நிச்சயம். ஆனால் தெரிந்தவர் யாரும் இல்லாத இடம் தேடி இவ்வளவு தூரம் வருகிறவள், கடை நடுவில் நின்று அதைச் சொல்வாளா?

ஆகவே இது:

பிறிசில்லா எட்டிக் கணவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். உருட்டிய சோறு அவர் விரல்களில் இருந்தது.

"வைங்க, றெஜி."

அவருக்கு விளங்கவில்லை. "இல்ல, இந்தா முடிஞ்சிது, இன்னும் கொஞ்சந்தான்..."

"முடிக்கத் தேவல்ல." அவள் குரல் கடைக்குள் எல்லாருக்கும் கேட்டது. "மிச்சத்த வச்சிட்டு எழும்புங்க. எழும்புங்க எண்டுறன்!"

கடைசிச் சொல்லை அவள் கத்தினாள். றெஜி பாஸ் விரலில் இருந்த சோற்றை உதறிவிட்டு எழும்பினார். அவள் அந்தச் சொல்லை யாருக்குச் சொன்னாள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. குழாயடியில் போய் நெஞ்சில் நின்றதைக் கக்கிவிட்டு, முகத்தைக் கழுவுகிற சாட்டில் நெடுநேரம் அழுதார். அவள் பின்னால் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மீராசாஹிப் காக்கா பீங்கானைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

8

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமே.

கல்லடிப் பாலம் ஒடுக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். எதிர்ப்பக்கத்து வரிசை வந்து முடியுமட்டும் இந்தக் கரையில் நிற்க வேண்டும். றெஜி பாஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பிறிசில்லா பின்னால் இருக்கிறாள். இப்போது அவருடைய தோளில் நாடியை வைத்துக்கொண்டு, அன்றாடம் கேட்கிற சாதாரணக் கேள்வியைப் போலக் கேட்கிறாள்:

"றெஜி, நாளைக்கு நான் என்ன ஆக்கட்டும்?"

ஐந்தரை வருடம் கேட்காத கேள்வி. வயிறு யானைக்குரியதாக இருந்தபோது வராத கேள்வி. நாளைக்கு முதல்முதலாக அந்த அடுப்பில் ஒரு சட்டி ஏறப்போகிறது, அதில் ஏறுகிறது எதுவோ அதில் அவருக்கு நாலு தேக்கரண்டிதான்.

அவருக்காக நான் பதினொரு பதில் எழுதிப் பார்த்தேன். இறால் கறி என்றேன், பால் சொதி என்றேன், "உனக்கு விருப்பமானது" என்று நழுவியும் பார்த்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். எனக்குச் சமைக்கவும் தெரியாது, அவ்வளவு காலம் ஒரு கேள்விக்காகக் காத்திருக்கவும் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

எதிரே கடைசி வாகனம் பாலத்தில் ஏறிவிட்டது. அது இந்தக் கரைக்கு வந்ததும் பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். பிறிசில்லா பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

நாலு கரண்டி. என்ன கேட்பீர்கள்?