மணல் படாத மீன்

அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அன்றைக்கு மட்டும் போனில் வெயில், மழை, என் தையல் மெஷின் ரிப்பேர் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரை மீன் கடைக்கு நான் வந்து பார்க்க வேண்டுமாம்.

"நீ வேண்டாம்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடுறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதிலும் அந்தக் கடைக்கே வரச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது அண்ணி இருந்தபோது நாங்கள் மூவரும் போய்ச் சாப்பிட்ட கடை.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மணலில் ஒரு தகரக் கூரை, அடியில் பெரிய வாணலி, வெளியே பலகை அடித்த மேசைகள், பெஞ்சுகள். மாவில் புரட்டிய மீன் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டாலே, வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தவருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஒரே தொல்லை காற்றுதான். கடலிலிருந்து வரும்போது மணலையும் அள்ளிக்கொண்டு வரும். தட்டை மூடுவதா, கண்ணை மூடுவதா என்று தெரியாது.

எங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. அண்ணி நல்ல வாட்டசாட்டமானவர். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டால் தட்டில் ஒரு துகள் விழாது. எதிர்ப் பெஞ்சில் நானும் அண்ணனும் விரல் சுடச்சுட மீனைப் பிய்த்துத் தின்போம். மொறுமொறுப்பான வால் பக்கத்துக்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

"கடலைப் பாக்க வந்துட்டு கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கிறவ நான் ஒருத்திதான்" என்று சிரிப்பார் அண்ணி.

வீட்டுக்குப் போய் அவர் பின்னலைப் பிரித்தால் குளியலறை முழுக்க மணல். அம்மா இல்லாத வீட்டுக்கு வாழ வந்தவர் அவர். வந்த மறுநாளே, பள்ளிக்கூடச் சீருடையில் பரட்டைத் தலையோடு நின்ற என்னைப் பிடித்து உட்கார வைத்துப் பின்னிவிட்டார். அண்ணன் அடிக்கக் கை ஓங்கினால் ஓடி ஒளிய எனக்கு அந்த முதுகுதான் இருந்தது.

அவர் போன பிறகு ஒரே ஒரு முறை நாங்கள் இருவரும் அங்கே வந்தோம். பழக்க தோஷம், பழையபடி ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். எதிர்ப் பெஞ்சு காலி. முதல் வாயிலேயே மணல் நறநறவென்றது. இருவருமே பாதியில் எழுந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்கூட்டியே போய் அண்ணியின் பெஞ்சில் என் தையல் பையை வைத்தேன். இடம் பிடித்து வைக்கிற வேலைதான். செத்துப்போனவருக்கு.

மருந்துக்கடைக்காரம்மா ஒல்லியாக இருந்தார். பையைப் பார்த்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அண்ணன் பையை நகர்த்தவில்லை. நெரிசல் பஸ்ஸில் போல மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மீனை வைத்துப் போனார்.

சொல்லி வைத்ததுபோல் காற்று வந்தது. அந்தம்மா இரண்டு உள்ளங்கையாலும் என் தட்டை மறைத்தார். அவருடைய தட்டில் மணல் கொட்டியது. அதை ஊதிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார். நறநறத்தது எனக்கே கேட்டது. முகம் சுளிக்காமல் விழுங்கினார்.

"இங்க மீன்ல மணலே படாதுன்னு சொல்லியிருந்தாரு" என்றார், குறையாக இல்லாமல், சும்மா.

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி படாது" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நான் கிளம்புகிறேன் என்றே நினைத்துவிட்டார் அண்ணன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் என்னைத் தடுக்கவில்லை.

மேசையைச் சுற்றிப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முழங்கைகளை ஊன்றினேன். அண்ணி அளவுக்கு எனக்கு உடம்பு இல்லை, கொஞ்சம் அகட்டித்தான் ஊன்ற வேண்டியிருந்தது. கழுத்து வழியாக மணல் ஜாக்கெட்டுக்குள் இறங்கியது.

"சாப்பிடுங்க அண்ணி, ஆறிடப்போகுது" என்றேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வால் பக்கம் மொறுமொறுவென்றிருந்த துண்டைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தார். பிறகு இருவரும் தலை நிமிராமல் தின்றார்கள்.

அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை. எதிரில் சாப்பிடுகிறவர்களின் முகம்தான் தெரிந்தது. அத்தனை வருஷமும் அண்ணி பார்த்துக்கொண்டிருந்தது எங்களைத்தான்.