பூச்சி இல்லாத காடு

வேல்ராஜ் அன்றைக்கு இஸ்திரி போட்ட வேட்டி கட்டியிருந்தார். ஆடு மேய்க்கிற மனுஷனுக்கு இஸ்திரி எதற்கு என்று கேட்காதீர்கள். சங்கரன்கோவிலிலிருந்து வேன் வருகிறது. குருவிகுளம் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கில் பூப் பார்க்கப் பன்னிரண்டு பேர், அவர்களோடு ஒரு வருவாய்த் துறை அதிகாரி.

அந்த அதிகாரிதான் முக்கியம். பன்னிரண்டு ஏக்கர் புல்தரையையும் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேல்ராஜின் எழுபது ஆடுகளுக்கு அதை விட்டால் வேறு நாதியில்லை. காலேஜில் தாவரவியல் நடத்தும் யோகலட்சுமி டீச்சர், போன மழைக்கு அங்கே நக அளவில் ஓர் ஊதாப் பூவைக் கண்டுபிடித்திருந்தார். வேறெங்கும் அதைப் பார்த்ததில்லையாம். "அதிகாரி கண்ணால பாத்து 'இருக்கு'ன்னு எழுதிட்டா போதும் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் கிட்ட நெருங்க முடியாது" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து வேல்ராஜுக்குத் தூக்கமே சரியாக இல்லை.

காலை ஏழரைக்கே வேன் வந்து நின்றது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கினார்கள், நாலைந்து சின்னப் பிள்ளைகளோடு. டீச்சர் கடைசியாக இறங்கினார். இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

புல் இல்லை. தும்பை இல்லை. விஷ்ணுகிராந்தி இல்லை. மம்பட்டியால் செதுக்கிய கரிசல் மண், பன்னிரண்டு ஏக்கரும் மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் செத்தையைக் குவித்து எரித்த சாம்பல்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நீங்க சொன்னதுதான டீச்சர்!" வேல்ராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்டாட்டி மாடத்தி நாப்பது பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு வாரமா செதுக்கியிருக்கா. புல்லு பொறவு தானா மொளைச்சிக்கிடும். ஒரு பூச்சி இருக்காது. பிள்ளைகள தைரியமா நடக்கச் சொல்லுங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

"போன்ல சொன்னியள்லா, 'பூச்சியையும் பாத்துக்கோங்க அண்ணாச்சி, சின்னப் பிள்ளைகளும் வாராங்க'ன்னு."

அட கடவுளே! டீச்சர் சொன்னது வண்ணத்துப்பூச்சி, பொன்வண்டு. பிள்ளைகளுக்குக் காட்டத்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் புல்லுக்குள் கால் வைக்கிறவன் பாம்பைப் பாம்பென்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான், பூச்சி என்பான். டீச்சர் புளியங்குடிக்காரர். அவருக்குத் தெரியாத சொல்லா? படித்த படிப்பில் மறந்துபோயிருந்தார்.

"அந்த ஊதாப் பூவு?" என்று கேட்டார் டீச்சர்.

"'அது தென்பட்டா தொடாதீயட்டி'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஒண்ணுகூட தென்படலன்னாளுக. நீங்க வந்து காட்டுவியன்னு இருந்துட்டேன்."

"எத்தனை மணிக்குச் செதுக்குனாங்க?"

"பத்து மணிக்கு மேலதான்."

"அது ஒம்பது மணிக்கே மூடிக்கிடும் அண்ணாச்சி. மூடிட்டா புல்லு மாதிரிதான் இருக்கும்."

வேல்ராஜ் சாம்பலை நோக்கி ஓடினார். குனிந்து இரண்டு கையாலும் கிளறினார். வேட்டியெல்லாம் கரி. ஒரு பிள்ளை சிரித்தது. அதன் அம்மா அதட்டினார்.

"வேரு கொஞ்சம் மிஞ்சியிருக்கும் சார், அடுத்த மழைக்குத் தழைச்சிரும்" என்று டீச்சர் அதிகாரியிடம் கெஞ்சினார்.

"புதன்கிழமை ரிப்போர்ட் போகணும்மா. மழைக்கு நான் எங்க போவேன்?" அந்த மனிதரும் கெட்டவரில்லை, சங்கடத்தோடுதான் பேனாவைத் திறந்தார். "இதைச் செதுக்கினது யாரு?"

"நாங்கதான் சார். ஊருக்காரங்கதான்."

அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டினார். "'நேரில் பார்வையிட்டதில், நிலத்தில் தாவரம் ஏதும் இல்லை. கிராமத்தாரே முன்வந்து நிலத்தைச் சுத்தம் செய்து வைத்துள்ளனர்.' சரியா இருந்தா ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போடாதீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

வேல்ராஜ் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். ஒரு பொய், ஒரே ஒரு பொய் அகப்பட்டால் போதும், போட மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அதிகாரி நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"எல்லாம் நெசந்தான் டீச்சர்" என்றார் வேல்ராஜ். கரி படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார்.