பென்னர் கேட்காத கேள்வி

வங்கியின் கடன் மேசைக்கு முன்னால் இப்போதும் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. வில்மா ஹுடாக் ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் கைப்பையை வைத்தாள். ஐந்து வருடங்களுக்கு முன் அந்த நாற்காலியில் அவள் கணவன் எமில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று வந்தது வீட்டுக் கடனுக்கு. இன்று ஒரு பழைய காருக்கு. அமெரிக்காவின் யங்ஸ்டவுனில் ஆற்றைத் தாண்டி மருத்துவமனைக்குப் போகும் விடிகாலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். கார் இல்லையென்றால் எக்ஸ்ரே அறை வேலை கையை விட்டுப் போய்விடும்.

எமிலின் அக்கா இர்மாதான் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தாள். வழியில் சொன்னாள்: "அந்தாளு பழையபடி கேட்டான்னா, ஆமாங்க, ரெட்டைப் பிள்ளை, பாதிரியார்தான் அப்பான்னு சொல்லுடி. மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

"சும்மா இருங்க அக்கா. எனக்குக் கடன் வேணும்."

அன்று இதே கடன் அதிகாரி பென்னர், அவளைப் பார்க்காமல் எமிலிடம்தான் பேசினார். "உங்க சம்பளம் சரி சார். இவங்க சம்பளத்தைக் கணக்குல எடுக்க முடியாது. நாளைக்கே ஒரு குழந்தைன்னா வேலையை விட்டுருவாங்க. இனிமே பிள்ளை பெத்துக்க மாட்டாங்கன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்."

கடுமையாகச் சொல்லவில்லை. வாடகை எவ்வளவு என்று விசாரிக்கிற குரல்தான். வில்மாவுக்கு அப்போது இரண்டு மாதம். எமிலுக்கு மட்டும்தான் தெரியும். அவன் எழுந்து, வங்கிக்குள்ளேயே தொப்பியை மாட்டிக்கொண்டான். "எங்க படுக்கை அறையில பேங்குக்கு என்ன சார் வேலை?"

வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். இலையுதிர் காலத்தில் பிறந்த பையன், டேனியல், வீட்டுக்கு வரவேயில்லை. போன குளிர்காலத்தில் எமிலும் உருக்காலையிலிருந்து திரும்பவில்லை.

இப்போது பென்னருக்கு நரைத்திருந்தது. கடன் கேட்டு வரும் பெண்களிடம் கேட்கக் கூடாதவை என்று புதுச் சட்டம் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் தட்டச்சு செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். சம்பளம் கேட்டார், எத்தனை வருட வேலை என்று கேட்டார். பிறகு பழக்கத்தில் வாயைத் திறந்தவர், அந்தத் தாளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வில்மா காத்திருந்தாள். இனி எனக்குப் பிறக்காது என்ற வாக்கியத்தை ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பழகியிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு மிஸஸ் ஹுடாக். கடன் கொடுத்துடலாம். உங்க கையெழுத்து மட்டும் போதும்."

"வேற ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லைங்க. கேக்கக் கூடாது."

அவள் கையெழுத்துப் போட்டாள். கார் அவளுடையது. எழுந்து போயிருக்கலாம்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டு மாசம்," என்றாள். "பையன். டேனியல்னு பேரு வெச்சோம்."

பென்னர் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். கேட்காமலே சொன்னால் என்ன செய்வதென்று அதில் இல்லை. பேனாவுக்கு மூடி போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். வெளியே வண்டியில் காத்திருந்த இர்மா ஹாரன் அடித்தாள். வில்மா எழுந்திருக்கவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.